குட்டை ஒயரும் நீள ஒயரும்

இடப்பக்கம் நாலாவது வரிசை அவர்களுடையது என்று அந்தப் பேருந்தில் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் காலை எட்டேகால் வண்டியில் தினமும் வருகிறவர்கள் அதில் உட்கார மாட்டார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'லேப் அக்கா'. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஆபீசும் அவளுடைய லேபும் ஒரே தெருவில் எதிரெதிராக இருந்ததால், இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பதினாறு வருஷமாகச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து பாட்டு கேட்கிற பிளேயரை எடுப்பார். பாதி தேய்ந்த சோப்புக்கட்டி அளவு இருக்கும். அதோடு வந்த இயர்போனில் ஒரு ஒயர் குட்டை, இன்னொன்று நீளம். நீளமானதைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுவந்து வலது காதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். இவர்கள் என்னவோ, அது புருஷன் பெண்டாட்டிக்காகவே செய்தது என்று எடுத்துக்கொண்டார்கள். சட்டைப்பைக்குப் பக்கத்திலேயே நிற்கிற குட்டை ஒயர் அவருடைய இடது காதுக்கு. எட்டிப் போகிற நீள ஒயர் அவளுடைய வலது காதுக்கு. இயர்போன் நாலு முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கடை கடையாக ஏறி இறங்கி அதே மாதிரிதான் வாங்கினார்கள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற சௌகரியம் எங்கள் இரண்டு பேருக்குமே கிடையாது என்று அவள் லேபில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பிளேயரில் இருந்தவை இருநூற்றுப் பதினெட்டுப் பாட்டுகள். கடையிலோ ரேடியோவிலோ கிடைக்கிறவை அல்ல. அவளுடைய அண்ணன் ஒரு காலத்தில் ஒரு மேடைக் குழுவுக்கு மைக்செட் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேர் குழு. பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் அவர்களே. யார் முன்னால் நிற்பது என்று ஒரு நாள் ஆரம்பித்த சண்டையில் குழு கலைந்து, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். அண்ணன் பதிவு செய்து வைத்திருந்ததையெல்லாம் இந்தப் பிளேயரில் ஏற்றி, தங்கச்சி புது வீட்டுக்குப் போகிறாள் என்று கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அவர் தண்ணீர்ப் பம்பு விற்கிறார். அவருடைய பழைய கணினி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கேட்டால், "அதான் உன்கிட்ட பத்திரமா இருக்கே" என்பார்.

பிளேயர் பேருந்தில் மட்டும்தான் பாடும். அது சட்டமாக யாரும் போட்டதல்ல. வீட்டில் அவள் ஒருத்தியாக எடுத்துக் கேட்டால், கூட வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு மீதிப் படத்தைத் தனியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. அதனால் வீட்டில் அது சார்ஜ் ஏறிக்கொண்டு, சும்மா படுத்துக் கிடக்கும்.

சண்டை இல்லாமலா? தினமும் உண்டு. மூன்றாவது பாட்டு என்று அவர்கள் சொல்லும் பாட்டில், முதல் வரி முடிந்ததும் பாடகி நிறுத்துவாள், வயலினும் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. அந்த இடத்தில்தான் லிஃப்ட்காரர் அவள் மணிக்கட்டில் விரலால் தட்டுவார். டக், டக்டக், டக். பாட்டே நின்றுபோன இடத்தில் என்ன தாளம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். கேட்டால் பாட்டுதான் அப்படி என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவளும் விடாமல் சொல்லுவாள். அவருக்கு அவள்மேல் வேறு குறை. இரண்டாவது வரி முடிந்ததும் அவள் ஒன்றை முணுமுணுப்பாள். மாடிப்படி இறங்குகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு. பாட்டில் இல்லாததை எங்கிருந்து இழுக்கிறாய் என்பார். லிஃப்டின் கதவில் காதை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லுகிற மனிதர், தன் காது பொய் சொல்லும் என்று ஒப்புக்கொள்வாரா? மைக்ராஸ்கோப்பில் அணு அணுவாக எண்ணுகிறவள் மட்டும் ஒப்புக்கொள்வாளா? இப்படியே பதினாறு வருஷம் போயிற்று.

அந்த வருஷம் பிளேயருக்கு உடம்புக்கு வந்தது. பாட்டுக்கு நடுவில் திக்கியது. உள்ளே ஏதோ பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் அதைக் காதோடு வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே பாட்டைப் பதிந்து வைத்திருக்கிற தட்டு ஒன்று சுற்றுகிறது, அதன் பேரிங் போய்விட்டது, இன்னும் சில நாள்தான் என்றார். அவர் ஓய்வுபெறுவதற்கும் அப்போது சில நாள்தான் பாக்கி இருந்தது. அவளுக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ். அடுத்த மாதத்திலிருந்து எட்டேகால் வண்டியில் அவள் மட்டும்தான். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, பேருந்தில், அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"நீ தனியாப் போகும்போது பாட்டாவது இருக்கணும்."

வெளியூரில் இருக்கிற மகளின் முகத்தை உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுக்கு முதல்முதலாக ஒரு கணினி வந்திருந்தது. பாட்டை முதலில் இதில் இறக்கி, இங்கிருந்து அவளுடைய போனுக்கு ஏற்றிவிடலாம் என்பது லிஃப்ட்காரரின் திட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன்மேல் கணினியை வைத்து, பிளேயரைச் செருகினார்கள்.

செருகியதும் கணினி ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பிளேயர் வேறு ஒரு கணினியோடு சேர்ந்தது, இதில் இருப்பதை அழித்துவிட்டு இந்தக் கணினியோடு சேர்க்கலாமா என்று. சேர்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் 'சரி'யை அழுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தினமும் இருநூறு குப்பியில் ஒட்டியிருக்கிற பொடி எழுத்தைப் படிக்கிறவள். 'அழித்துவிட்டு' என்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. அவருக்கு வேர்த்துவிட்டது. பதினாறு வருஷத்தை ஒரு விரலால் துடைத்திருப்பேனே என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையை அவர் வெகு நேரம் மேஜைப் பக்கமே கொண்டுவரவில்லை.

கணினி விற்ற கடைப் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று சலித்துக்கொள்ளாமல் அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' சொல்லுங்கள், பிளேயருக்குள் ஒளித்து வைத்திருக்கிற பெட்டிகள் இருக்கும், அவற்றைக் காட்டச் சொல்லி அப்படியே பிரதி எடுங்கள், பெயரெல்லாம் புரியாத எழுத்தாக இருக்கும், பயப்படாதீர்கள், கணினியில் போட்டதும் பெயர் தானாக வரும். அவள் சொன்னபடியே செய்தார்கள். ஒன்று, இரண்டு என்று பாட்டுகள் இறங்க ஆரம்பித்தன. ஏழாவதிலேயே பிளேயர் பல்லைக் கடித்து நின்றது.

லிஃப்ட்காரர் அதைக் கையில் எடுத்தார். படுக்க வைத்தால் கடித்தது, சாய்த்தால் கடித்தது, நிமிர்த்தி லேசாக இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் சத்தம் அடங்கிற்று. எண்ணிக்கை மறுபடி ஓடியது. அவ்வளவுதான், மனிதர் சிலையாகிவிட்டார். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டவர் மாதிரி அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டீயை அவள்தான் வாயில் வைத்துக் கொடுத்தாள். மூக்கு அரித்தபோது அவள்தான் சொரிந்துவிட்டாள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டுக் கேட்டுச் சொரிய வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று அவள் சொன்னதற்கு, சிரித்தால் கை ஆடும், சிரிக்க வைக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இப்படி வேலை செய்கிற இவரை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருநூற்றுப் பதினெட்டும் இறங்கின. கடைசிப் பாட்டு இறங்கி அரை நிமிஷத்தில் பிளேயர் ஒரு முறை கடகடத்து, திரை வெளுத்து, அடங்கிவிட்டது. எத்தனை முறை அழுத்தியும் எழுந்திருக்கவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் போயிற்று, மானமுள்ளது என்றார் லிஃப்ட்காரர். அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

கணினியோடு இரண்டு குட்டி ஒலிபெருக்கிகள் வந்திருந்தன. இன்றைக்காவது மனுஷர் மாதிரி இரண்டு காதாலும் கேட்போம் என்று அவற்றை மேஜையின் இரண்டு பக்கமும் வைத்து, மூன்றாவது பாட்டைப் போட்டார்கள்.

குரல் அதே குரல்தான். முதல் வரி முடிந்து பாடகி நிறுத்தினாள். ஒன்றுமே இருக்கக் கூடாத அந்த இடத்தில், யாரோ கதவை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பதற்றம்போல என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வரி முடிந்தது. இப்போது அவர் முகம் மாறிற்று.

"ஏதோ கலந்துடுச்சு" என்றாள் அவள்.

"ஆமா. கலந்துடுச்சு" என்றார் அவர்.

என்ன கலந்தது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் தர்க்கம் பண்ணுகிற இரண்டு பேர் அன்றைக்குப் பார்த்து ஒரே பேச்சில் ஒத்துப்போனார்கள். அதுதான் வினை. இன்னும் பத்துப் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வேண்டாத சத்தம் இருந்தது. அந்தத் தட்டு ஆடிக்கொண்டே சுற்றியதில் ஒரு பாட்டின்மேல் இன்னொரு பாட்டு ஏறிவிட்டது என்று லிஃப்ட்காரர் முடிவுகட்டினார். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் பிளேயரும் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அவள் லேபில் ஒரு விதி உண்டு. ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் ரத்தம் ஒரு சொட்டுக் கலந்தாலும் அந்தக் குப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது. பார்ப்பதற்கு நல்ல குப்பி மாதிரியே இருக்கும். அதனால்தான் ஆபத்து, உடனே கொட்டிவிட வேண்டும். முப்பது வருஷமாக அதைச் செய்துவருகிற கை, யோசிக்கவில்லை. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டாள். "கொஞ்சம் இரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

"கெட்டுப்போனதைக் கேட்டுக் கேட்டு, நல்லது எப்படி இருந்ததுங்கறதே மறந்துடும். வேண்டாம்."

அதற்குமேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. உள்ளே போய், துவைத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்றால், அழுதாள். இருநூற்றுப் பதினெட்டுப் பாட்டுக்காக அழுவதாகத்தான் அவளே நினைத்தாள்.

அந்த வாரம் பாட்டில்லாமல் போனார்கள், வந்தார்கள். பழக்க தோஷம், அவர் கை அவள் மணிக்கட்டில் தானாகப் போய்த் தட்டிற்று, அவள் அதட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வேலைநாள். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் ஏற்கனவே மூன்று இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு வேலை உண்டு. நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் முதல் இரண்டு நிறுத்தம்வரை யாரும் உட்காரவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு புது ஆள் ஏறி உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு தூங்கி, அவள் தோளில் சாய்ந்தார். நாற்பது நிமிஷப் பயணம் நாலு மணி நேரமாக நீண்டது. தெருவில் இத்தனை கடை இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஆறு வருஷம் என்று எண்ணிப் பார்த்தாள், எண்ணியிருக்க வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் லிஃப்ட்காரர் பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்ட பூனை மாதிரி இருந்தார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் போனைக் கேட்டு வாங்கினார். தூசி துடைக்க என்றார். போனுக்குத் தூசி துடைக்க அரை நாள் ஆகுமா என்று அவள் கேட்கவில்லை. வேலையை விட்டு வந்த மனிதர், எதையாவது துடைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அவர் அவளோடு நிறுத்தம்வரை வந்தார். பேருந்து வரும்போது போனையும், அதோடு சேர்த்து அந்தப் பழைய இயர்போனையும் அவள் கையில் திணித்தார்.

"முதல்ல நீள ஒயரை மட்டும் வலது காதுல வெச்சுக் கேளு. ரெண்டாவது தடவை குட்டையையும் சேர்த்து வெச்சுக்கோ. மூணாவது பாட்டு."

வேறொன்றும் சொல்லவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். வலது காதில் நீள ஒயரை வைத்துப் போட்டாள். பாடகியின் குரல் வந்தது. முதல் வரி முடிந்ததும் எல்லாம் நின்றது. அந்த ஒரு மூச்சு அமைதி. இரண்டாவது வரி முடிந்ததும் வயலின் படியிறங்கிற்று. எதுவும் கெடவில்லை. எதுவும் கலக்கவில்லை. பதினாறு வருஷமாக அவள் கேட்ட பாட்டு, அப்படியே இருந்தது. எதிர் இருக்கைக்காரி பார்க்கிறாள் என்றுகூடப் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு குட்டை ஒயரை எடுத்து இடது காதில் வைத்தாள். அந்த ஒயர் அவள் காதுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மறுபடியும் பாட்டைப் போட்டாள். முதல் வரி முடிந்தது, வயலின் நின்றது. இடது காதில் மட்டும், தெளிவாக, மேளம் விழுந்தது. டக், டக்டக், டக்.

அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். அங்கே யாருடைய விரலும் இல்லை. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை இடைவெளி விட்டு என்று தோலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. தாளம் தெரியாத மனுஷர் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அண்ணனிடம், லேபில், பெற்ற மகளிடம்கூட. அவர் ஒரு நாளும் தப்பாகத் தட்டியதில்லை. அவளுக்குக் கேட்காததை, அவள் கையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பாட்டு முடிவதற்குள்ளேயே அவருக்குப் போன் போட்டாள்.

"தாளம் சரியாத்தான் போட்டிருக்கீங்க."

மறுமுனையில் அவர் நடந்ததைச் சொன்னார். கணினியில் அழித்தது உடனே போய்விடாதாம், ஒரு குப்பைக்கூடையில் விழுந்து கிடக்குமாம். அதை அவர் கொட்டவில்லை. கழற்றிய பாகத்தை, லிஃப்ட் மூன்று நாள் ஓடிக்காட்டுகிறவரை தூக்கிப் போடக்கூடாது என்பது அவருடைய தொழில் விதி. சனிக்கிழமை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூடையிலிருந்து பாட்டுகளை எடுத்து, இயர்போனைச் செருகி, வழக்கம்போல் குட்டை ஒயரை வைத்தால் அவருடைய பாட்டு அப்படியே இருந்தது. நீள ஒயரை வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவளுடைய அண்ணன் பம்புக் கடையில் உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மேடையில் இடப்பக்கம் மேளக்காரர் முன்னால் ஒரு மைக், வலப்பக்கம் வயலின்காரர்கள் முன்னால் ஒரு மைக், பாடகி நட்டநடுவில்; அப்படித்தான் பதிவு பண்ணினேன், இத்தனை வருஷமாக ஆளுக்குப் பாதியாகவா கேட்டீர்கள் என்று.

"நீ ரெண்டாவது வரிக்கு அப்புறம் இழுப்பியே, அது பாட்டுலயே இருக்கு" என்றார்.

"அதைத்தானே நான் தினம் சொன்னேன்."

"நான் அதை நீயாக் கட்டினதுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"அதான் இழுக்காதே இழுக்காதேன்னு சொன்னீங்களாக்கும்."

"சொன்னாத்தானே நீ வீம்புக்கு இன்னும் நல்லா இழுப்பே. எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும்."

பதில் சொல்ல நேரமில்லை, அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். லேபில் ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் பாட்டு கேட்டேன் என்றாள். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் லேப் எதிரில் இருக்கிற நிறுத்தத்தில் லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற நாளில் போட்டுக்கொள்ளும் அதே சட்டை, அதே பை. இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்றார். என்ன வேலை என்று அவள் கேட்டாள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகிற வேலைதான் என்று, மூஞ்சியை எங்கோ வைத்துக்கொண்டு சொன்னார்.

நாலாவது வரிசை காலியாக இருந்தது. அவர் வழக்கம்போல் அவள் ஜன்னலோரம் போக வழிவிட்டு நின்றார். அவள் அவரை உள்ளே தள்ளினாள். இத்தனை வருஷத்தில் ஜன்னலோரம் அவருக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். நீள ஒயரை எடுத்து அவருடைய வலது காதில் வைத்தாள். குட்டை ஒயரைத் தன் இடது காதில் வைத்துக்கொண்டாள். போன் அவள் மடியில் இருந்தது. மூன்றாவது பாட்டு.

முதல் வரி முடிந்து பாடகி நிறுத்தினாள். அவருடைய காதில் இப்போது ஒன்றும் இருக்காது. அவள் அவர் மணிக்கட்டில் விரலால் தட்டினாள். டக், டக்டக், டக். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வரி முடிந்தது. அவளுடைய பக்கத்தில் மேளம் அடங்கி வெறிச்சென்று ஆயிற்று. அந்த இடத்தில் லிஃப்ட்காரர் முணுமுணுத்தார். சுருதி எங்கேயோ இருந்தது, படியிறங்குவதற்குப் பதில் தடுக்கி விழுந்தார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் திருத்தவில்லை.

"உனக்கு இத்தனை நாளும் இப்படியா இருந்துச்சு? அந்த இடத்துல ஒண்ணுமே இல்லாம?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணுமே இருக்காது" என்றாள் அவள். "நீங்க தட்டறதுதான் இருக்கும்."